வெலிங்டனில் ஒரு மேசையைச் சுற்றி

குன்னூரிலிருந்து ஊட்டிப் பக்கம் ஏறும் மலை ரயிலுக்கு முதல் நிறுத்தம் வெலிங்டன். இறங்கி நடந்தால் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டரின் பழைய பாரக்ஸ். புதிதாகச் சேர்ந்த பையன்கள் ஒரே குரலில் முழங்குவது சாலைவரை கேட்கிறது. நான் பார்க்கப் போனது, ஆளுக்கொரு குரலில் பேசச் சொல்லும் இடத்தை. ஊர்க்காரர்களுக்கு அது ஸ்டாஃப் காலேஜ்.

1905-இல் தேவலாலியில் தொடங்கி, 1907-இல் குவெட்டாவுக்குப் போன, படை அதிகாரிகள் படிக்கும் கல்லூரி அது. 1947 பிரிவினையில் குவெட்டா பாகிஸ்தானில் சேர, இந்தியாவின் பங்கு இந்த மலைக்கு வந்தது. சின்னத்தில் ஆந்தை, அறிவைக் கொண்டு போரிடு என்பது கொள்கை.

அங்கே படித்து, இப்போது ஓய்வுபெற்றுவிட்ட அதிகாரி ஒருவர் அனுமதி வாங்கி உள்ளே கூட்டிப்போனார். போனை வாசலிலேயே கொடுத்துவிட்டோம். அவர் திறந்து காட்டிய அறையில் ஒரு மேசை, சுற்றிலும் நாற்காலிகள், ஒரு பலகை, சுவரில் வரைபடம். வேறொன்றுமில்லை. “இதுதான் சார் சிண்டிகேட் ரூம். நாங்க படிச்சது பூரா இங்கதான்” என்றார்.

சிண்டிகேட் என்றால் பத்துப் பேர் அளவிலான குழு. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் சேரும் பாடங்களில் மூன்று சீருடையும் ஒரே மேசையில் உட்காரும். நட்பு நாட்டு அதிகாரிகளும் இருப்பார்கள். கூடவே ஒரு டி.எஸ்., அதாவது வழிநடத்தும் ஆசிரியர். பாடம் நடத்துவதைவிட, பேச விட்டுக் கேட்பதுதான் அவருக்குப் பெரிய வேலை.

“ராத்திரி முழுக்க முழிச்சு ஒரு திட்டம் போட்டேன் சார். விடியறதுக்குள்ள பாலம் போட்டு டாங்கியை ஆத்தைத் தாண்ட வச்சுடலாம்னு. பக்கத்துல விமானப்படைக்காரர் ஒருத்தர், ‘அந்தப் பள்ளத்தாக்குல காலையில மூடுபனி இருந்தா எங்க விமானம் எப்படி வரும்?’னு கேட்டார். டி.எஸ். வாயே திறக்கல. மிச்ச ஒரு மணி நேரமும் அந்த ஒரு கேள்வியிலதான் போச்சு.”

அந்த மௌனம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. விடை தெரிந்த ஆசிரியர் அதை உடனே சொல்லியிருந்தால், அடுத்த படைக்காரரின் கவலை அன்று இவர் காதில் விழுந்திருக்காது.

பெரிய மண்டபத்தில் சொற்பொழிவுகளும் உண்டு. 2021 டிசம்பர் 8 அன்று, அப்போதைய முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் சூலூரிலிருந்து ஹெலிகாப்டரில் கிளம்பியது இங்கே பேசத்தான். அவரும் இங்கு படித்தவர். குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் அந்த ஹெலிகாப்டர் விழுந்தது. அவரை அழைத்துவரச் சூலூர் போயிருந்த குரூப் கேப்டன் வருண் சிங், ஒரு வாரம் போராடி 15-ஆம் தேதி உயிர்நீத்தார். அவர் இந்தக் கல்லூரியின் டி.எஸ். இப்படி ஒரு மேசையில் உட்கார்ந்து மற்றவர்களைப் பேச வைத்தவர்.

மண்டபத்தில் எல்லோரும் சேர்ந்து கேட்பார்கள். கேட்டதை மறுத்துப் பேச இந்தச் சின்ன அறை வேண்டும். நம் அலுவலகங்களில் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறோம். சிறப்புரை முடிந்ததும் டீ குடித்துவிட்டுக் கலைந்துவிடுகிறோம்.

இந்த முறைக்கும் ஓர் எதிரி உண்டு. முந்தைய ஆண்டு மாணவர்களிடமிருந்து கைமாறி வரும் விடைக் குறிப்புகள். ‘பி.சி.கே.’ என்பார்கள். அதை வைத்துப் பேசுபவரை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்டேன்.

“ரொம்ப சுலபம் சார். ஏன்னு ஒரு தடவை கேட்பாங்க. சொந்தமா யோசிச்சவன் பதில் சொல்வான். மத்தவன் பேப்பரைப் புரட்டுவான்.”