குரலுக்காகக் கட்டிய கோயில்



வட இங்கிலாந்தின் யோர்க்ஷயரில், ஹெப்டன் பிரிட்ஜ் பட்டினத்துக்கு மேலே செங்குத்தான மலையில் இருக்கிறது ஹெப்டன்ஸ்டால். கைத்தறி நெசவாளர் வாழ்ந்த ஊர். தறிக்கு வெளிச்சம் வேண்டி மாடியில் வரிசையாக ஜன்னல் வைத்த வீடுகள், ஆலைப்புகையில் கறுத்த கற்களோடு இன்றும் நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே 1764இல் எழுந்த மெதடிஸ்த ஆலயத்தைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறேன்.

அதை எண்கோணமாகக் கட்டினார்கள். நோரிச்சில் பிரஸ்பிட்டேரியன் சபையார் கட்டியிருந்த எண்கோண ஆலயத்தை 1757இல் கண்டு மனம் பறிகொடுத்தவர் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி. நிலம் இடங்கொடுக்கும் இடமெல்லாம் இந்த வடிவில் கட்டுங்கள், குரலுக்கு இதுவே நல்லது என்று 1770இல் சபைக்கு விதியே எழுதினார். வாங்குகளுக்குச் சாய்மானமும் கூடாது என்றார். பிரசங்கம் கேட்க வருகிறவனுக்குக் காதில் விழவேண்டும், அவ்வளவுதான். வெஸ்லி கடைசிவரை ஆங்கிலிக்கன் குருவாகவே இருந்தவர். பங்குக்கோயிலோடு போட்டிக்கு நிற்கும் கட்டடம் அவருக்குத் தேவைப்படவில்லை.

கூரையை ரொதரம் பட்டினத்தில் செய்து, துண்டு துண்டாகப் பொதிகுதிரைகளில் ஏற்றி மலைப்பாதை வழியே கொண்டுவந்தார்கள் என்றும், ஊரார் பாட்டுப் பாடிக்கொண்டு எதிர்கொண்டார்கள் என்றும் சொல்வார்கள். கூரை ஏறுமுன்பே, வெறும் சுவர்களுக்கு நடுவே நின்று வெஸ்லி பிரசங்கித்தார்.

சபை பெருகியது. 1802இல் இடம் போதவில்லை. அப்போது அவர்கள் செய்ததுதான் எனக்கு மிகப் பிடித்தது. கட்டடத்தை இடித்துத் தள்ளாமல், ஒரு பக்கத்தை மட்டும் பிரித்து, பக்கச்சுவர்களை நீட்டி, மீண்டும் எண்கோணமாகவே முடித்தார்கள். சுவரை ஒட்டி நடந்தால், நேராக ஓடும் கல்வரிசை சட்டென்று சாய்ந்து திரும்புவதைக் கையால் தடவிப் பார்க்கலாம். நீண்ட எண்கோணம் அழகில் ஒரு படி குறைவென்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அதுவே கூடுதல் அழகு. உள்ளே மேல்மாடத்தின் கடைசி வாங்கில் இருந்து கேட்டேன். ஒலிவாங்கி இல்லாமலே கீழே பேசியவரின் ஒவ்வொரு சொல்லும் வந்து சேர்ந்தது.

நமக்கும் இந்த மண்ணுக்கும் தொடர்புண்டு. ஹெப்டன்ஸ்டாலிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் உள்ள லீட்ஸ் நகரில் 1813 ஒக்டோபரில் கூடிய மெதடிஸ்தர்கள், மெதடிஸ்த குரு தோமஸ் கோக்கின் கீழைத்தேய மிஷன் பயணத்துக்குத் துணையாக மிஷன் சங்கம் அமைத்தார்கள். கோக் வழியில் கடலிலேயே இறந்தார். அவரோடு வந்தவர்கள் 1814 ஜூனில் இலங்கையின் காலியில் கரையிறங்க, அவர்களில் லிஞ்சும் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணம் போனார்கள்.

இங்கே இங்கிலாந்தில் கிராம ஆலயங்கள் பல மூடப்பட்டு, வீடுகளாக விற்கப்படுகின்றன. நம் ஊர்களிலோ இடம் போதவில்லையென்று பழைய மிஷன் கோயில்களை இடித்துக் கொங்கிரீட் எழுப்புகிறோம். சபைப் பெரியவர்களே, இடிக்க முடிவெடுக்குமுன் சுவரை நீட்ட வழியுண்டா என்று ஒரு நல்ல மேசனைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

அன்புடன்,
யோர்க்ஷயரிலிருந்து