சொட்டுற இடம் வேற, கசியுற இடம் வேற!

மறைமலைநகர் என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது ஃபோர்டு தொழிற்சாலைதான். ஆனால் ஃபோர்டு இங்கே வருவதற்கு வெகுகாலம் முன்பே, இதே ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர் - வண்டலூர் பக்கம் கார் செய்துகொண்டிருந்தது ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி. 1961-ல் அவர்கள் கொண்டுவந்த 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு', அன்றைய மெட்ராஸின் செல்லப்பிள்ளை. 1980-களின் கடைசியில் கம்பெனி கார் தயாரிப்பை நிறுத்திவிட்டது.

என் பெரியப்பா அந்த ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். மறைமலைநகரில் அவர் வீட்டு போர்ட்டிகோவில் இன்றும் ஒரு நாலு கதவு ஹெரால்டு நிற்கிறது.

'அது குடும்பக் கார்தானே' என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் இதன் மூலம். அதை வடிவமைத்தவர் இத்தாலிக்காரரான ஜியோவானி மிக்கேலொட்டி. அதே சேஸிஸைக் குட்டையாக்கி, அதே வகை எஞ்சினை வைத்து 1962-ல் வந்ததுதான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார். ஆயில் கசிவிலும் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்!

போன வருஷம் பெரியப்பா காரின் கீழே தினமும் உள்ளங்கை அளவுக்கு ஆயில் தேங்க ஆரம்பித்தது. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து சொட்டியது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் பார்த்துவிட்டு, "பின்பக்க ஆயில் சீல் போயிடுச்சு. எஞ்சினை இறக்கணும், நாற்பதாயிரம் ஆகும்" என்றார்கள். அண்ணன், "பேசாம எடைக்குப் போட்டுடலாம்பா" என்றான். பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. பென்ஷனில் வாழ்பவருக்கு அந்தத் தொகை பெரிது, காரைவிடவும் மனசில்லை.

கடைசியில், சிங்கபெருமாள்கோவிலில் இருந்து ஒரு வயதான மெக்கானிக்கை அழைத்துவந்தோம். அவர் ஸ்பேனரையே தொடவில்லை. முதலில் பானெட்டைத் திறந்தார். ஹெரால்டில் முன்பக்க மட்கார்டோடு சேர்ந்து பானெட் மொத்தமாக முன்னால் சாய்ந்துவிடும். எஞ்சின் முழுசாகத் தெரியும். மண்ணெண்ணெயில் பிரஷ்ஷை முக்கிப் பல வருஷ அழுக்கைத் தேய்த்து எடுத்து, துடைத்துக் காயவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, வீட்ல பவுடர் டப்பா இருக்கா?" என்றார்.

முகத்துக்குப் போடும் பவுடரை எஞ்சினைச் சுற்றித் தூவி, வண்டியைப் பதினைந்து நிமிஷம் ஓடவிட்டார். வெள்ளைப் பவுடரில் கறுப்பாக ஒரு கோடு. அது தொடங்கிய இடம் பின்பக்க சீல் இல்லை. எஞ்சின் உச்சியில் இருக்கும் டேப்பெட் கவரின் பின் மூலை! அங்கே கசிந்த ஆயில் எஞ்சினின் பின்புறமாக வழிந்து, அடியில் வந்து சொட்டியிருக்கிறது.

"சொட்டுற இடம் வேற, கசியுற இடம் வேறங்க ஐயா" என்று பெரியப்பாவிடம் சொன்னார்.

கவரைக் கழற்றினால், கார்க் பேக்கிங் அப்பளம் மாதிரி நொறுங்கியது. கசிவை நிறுத்த யாரோ நட்டை இறுக்கி இறுக்கி, தகடும் வளைந்திருந்தது. அதைத் தட்டிச் சமன் செய்து, கார்க் ஷீட்டில் புதுப் பேக்கிங் வெட்டிவைத்து, நட்டை அளவாக முடுக்கினார். எஞ்சின் மூச்சுவிடும் குழாயில் அடைத்திருந்த கசடையும் எடுத்தார். அந்த வழி அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, பலவீனமான இடத்தில் ஆயிலை வெளியே தள்ளும் என்றார். கூலியோடு சேர்த்து ஆயிரத்து இருநூறு ரூபாய்.

உங்கள் வீட்டில் பழைய ஸ்கூட்டர் இருந்தாலும் இதே வரிசைதான். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றாமல் ஓட்டாதீர்கள். சுத்தம் செய்து, பவுடர் தூவி, கசிவு தொடங்கும் மேல் முனையைத் தேடுங்கள். பேக்கிங், குழாய் என மலிவானதை முதலில் சரிபாருங்கள். சூடான சைலன்சர் பைப்பில் ஆயில் சொட்டினால் தீப்பிடிக்கலாம், தள்ளிப்போடாதீர்கள். வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் படுக்கவே கூடாது.

இப்போதும் ராத்திரியில் ஓரிரு சொட்டு விழத்தான் செய்கிறது. "இந்த வயசுல எனக்கும்தான் மூட்டு வலிக்குது" என்கிறார் பெரியப்பா. ஞாயிற்றுக்கிழமைகளில் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வரை ஓட்டிப்போய் வருகிறார். விற்பதைப் பற்றி அண்ணன் இப்போது பேசுவதில்லை, சாவியைத்தான் கேட்கிறான்.