அழகர்மலையில் ஓர் உறுமி

மதுரைக்கு வந்து மீனாட்சியம்மனைத் தரிசித்ததும் ரயிலேறிவிடுகிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. இன்னும் ஒரு பகல் பொழுதைக் கையில் வைத்துக்கொண்டு, வடக்கே 21 கிலோமீட்டர் போய் வாருங்கள். அங்கே ஒரு மலை, மலையடிவாரத்தில் ஒரு கோட்டை, கோட்டைக்குள்ளே அழகர். ஊருக்கும் அவர் பெயர்தான்: அழகர்கோவில்.

நான் போனது என் அண்ணன் மகனோடு. அவன் காரை ஓட்ட, நான் பூக்கூடையும் மடியுமாக உட்கார்ந்திருந்தேன். தல்லாகுளம் தாண்டியதும் ஏதோ பாட்டு வைத்தான். பாட்டு என்றா சொன்னேன்? தபலாவில் நாலு தட்டு, பிடில்கள் ஓர் இழுப்பு, யாரோ ஒரு பெண் 'ஆ' என்று எடுத்து, முடிப்பதற்குள் காணாமல் போகிறாள். மறுபடியும் அதே நாலு தட்டு!

"ஏண்டா, தட்டு கீறிப் போச்சா?" என்றேன்.

அவன் சிரித்த சிரிப்பில் கார் ஒரு மாட்டு வண்டியை உரசப் பார்த்தது.

"கீறல் இல்லே அத்தை, அப்படித்தான் பண்ணியிருக்கிறார்" என்று விளக்கினான். பண்ணியவர் அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து ஆக்ஸ்நார்டு ஊர்க்காரர், ஓட்டிஸ் ஜாக்ஸன். மேட்லிப் என்றால்தான் எல்லோருக்கும் தெரியுமாம். 2007-ல் 'பீட் கண்டக்டா இன் இந்தியா' என்று ஒரு தட்டு வெளியிட்டார். அதற்காக வாத்திய கோஷ்டி எதையும் கூட்டவில்லை; பாடகர் யாரையும் கூப்பிடவில்லை. நம் நாட்டுப் பழைய சினிமா இசைத்தட்டுகளிலிருந்து துளித் துளியாக எடுத்துக் கோத்தது பெரும்பகுதி.

இந்த வித்தைக்கு வயது அரை நூற்றாண்டு ஆகிறது. 1973 ஆகஸ்டில் நியூயார்க் பிராங்க்ஸ் பேட்டையில் ஒரு வீட்டு விருந்து. கூல் ஹெர்க் என்ற இளைஞர் தட்டுச் சுற்றிக்கொண்டிருந்தார். பாட்டின் நடுவே மேளம் மட்டும் வரும் இடத்தில் ஜனங்கள் அதிகம் ஆடுவதை அவர் கவனித்திருந்தார். ஒரே தட்டில் இரண்டு வாங்கி, மாற்றி மாற்றி வைத்து, அந்த மேளத்தை நீட்டிக்கொண்டே போனார். பிறகு யந்திரம் வந்தது. 1988-ல் ஜப்பானின் அகாய் கம்பெனி, ரோஜர் லின் வகுத்துக் கொடுத்தபடி ஒரு பெட்டி செய்தது. அதன் மேல் 16 ரப்பர் கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு சத்தமாகப் பிடித்து வைத்துக்கொண்டு, விரலால் தட்டித் தட்டிப் புதிய சங்கீதம் கட்டலாம்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. மீனாட்சி கோவில் வாசலில் கதம்பம் கட்டுகிறவளைப் பார்த்திருப்பீர்கள். மல்லிகை ஒரு தோட்டம், மரிக்கொழுந்து ஒரு தோட்டம், சம்பங்கி ஒரு தோட்டம். பூ அவள் பூத்ததல்ல, கட்டு அவளுடையது.

"நம்ம ஊர்ப் பூவும் அதில் சேர்ந்திருக்கு அத்தை" என்றான். லண்டனில் பிறந்த ஈழத்துத் தமிழ்ப் பெண் மாயா அருள்பிரகாசம், 2007-ல் தன் தாயார் பெயரால் 'கலா' என்று ஒரு தட்டு வெளியிட்டார். அதன் முதல் பாட்டில் 'தளபதி' (1991) படத்துக் 'காட்டுக்குயிலு' பாட்டின் துண்டு கேட்கிறதாம். அதற்கு இசையமைத்த இளையராஜா பிறந்த பண்ணைப்புரம், அந்தக் காலத்தில் எங்கள் மதுரை ஜில்லா அல்லவா!

இப்படிப் பேசிக்கொண்டே கோவிலுக்கு வந்து சேர்ந்தோம். முதலில் நீங்கள் பார்க்க வேண்டியது பதினெட்டாம்படிக் கருப்பண்ணசாமி. விக்கிரகம் தேடாதீர்கள். மூடிய பெரிய கதவுகள்தாம் சாமி. கதவுக்குச் சந்தனம் பூசி மாலை சாத்துகிறார்கள். பக்கத்தில் நேர்ந்துகொண்டவர்கள் வைத்த அரிவாள்கள், ஆள் உயரத்துக்கு! வழக்கு வியாஜ்யம் என்று வந்தால் இந்தக் கதவுக்கு முன்னால் நின்று பொய் சொல்ல யாரும் துணியமாட்டார்கள்.

கதை தெரியுமோ? மலையாள தேசத்திலிருந்து 18 மந்திரவாதிகள் அழகரின் சக்தியைத் திருட வந்தார்களாம். அகப்பட்டுக்கொண்டார்கள். அவர்களைப் புதைத்து, மேலே 18 படி கட்டிக் கருப்பனைக் காவல் வைத்தார்கள் என்பது ஐதிகம்.

"கேட்டுக்கொள், துண்டு துண்டாகத் திருடுகிறவனே!" என்றேன்.

"சாமிக்கே கள்ளழகர்னு பேர் அத்தை!"

"அந்தப் பேச்சு வேறே. இதற்குப் பதில் சொல்லு."

பையன் நல்லவன், அவனே ஒரு வழக்கைச் சொன்னான். 1981-ல் 'ஜோதி' என்ற ஹிந்திப் படத்துக்கு பப்பி லஹிரி இசையமைத்து, லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டு ஒன்று. 2002-ல் அமெரிக்காவில் 'அடிக்டிவ்' என்ற பாட்டில் அதன் துண்டு வந்து, சக்கைப்போடு போட்டது. லஹிரியின் பெயர் எங்கும் இல்லை. விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. அவர் பெயரைப் போடாமல் தட்டை விற்கக்கூடாது என்று 2003-ல் அந்த ஊர் நீதிபதியே தடை விதித்துவிட்டார்!

சந்நிதிக்குச் சற்றுத் தள்ளி மரத்தடியில், நேர்த்திக்கடன் செலுத்த வந்த குடும்பத்தோடு வந்திருந்த ஓர் உறுமிக்காரர் இளைப்பாறிக்கொண்டிருந்தார். உறுமி கேட்டிருக்கிறீர்களா? ஒரு பக்கத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மறுபக்கத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தோல் புலிபோல உறுமும். நம் வயிற்றுக்குள்ளே அது கேட்கும்.

பையன் கைபேசியை நீட்டினான். "தாத்தா, கொஞ்சம் வாசிங்களேன்."

பெரியவர் வாசித்தார். பையன் இரண்டே விநாடியைப் பிடித்து, அங்கேயே எதையோ தட்டி, கேட்கும் குமிழை அவர் காதில் வைத்தான். அந்தச் சுருக்கம் விழுந்த முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

"நான் ஒரு வாட்டிதான் தம்பி அடிச்சேன். இது நிக்காம அடிக்குதே! கை வலிக்காத உறுமியால்ல இருக்கு!"

எல்லோரும் சிரித்தோம். பிறகு அவர் குமிழைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "ஒரு தரம் பட்டணத்துக்குக் கூட்டிப் போயி ஒரு சினிமாப் பாட்டுக்கு வாசிக்க வெச்சாங்க. பாட்டு பஸ்ஸிலெல்லாம் போட்டாங்க. 'இது நான் அடிச்சது'ன்னு சொன்னா என் பேரனே நம்பலை. பேரு எதுலேயும் வரலையே."

அவர் குறையாகச் சொல்லவில்லை. வெயில் அதிகம் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

பையன் வணக்கம் சொல்லிவிட்டுக் காரைப் பார்க்க நடந்தான். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"தேனூர் தெரியுமாடா?" என்றேன்.

உங்களுக்கும் அதைச் சொல்லிவிடுகிறேன். அழகர் வைகையில் இறங்குவது ஆதியில் மதுரையில் அல்ல. மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் கொடுக்கத் தேனூருக்குத்தான் போவாராம். மீனாட்சி கல்யாணமோ மாசி மாதத்தில் தனியாக நடந்தது. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர்தாம் அதைச் சித்திரைக்குக் கொண்டுவந்து, அழகரையும் மதுரை வைகைக்குத் திருப்பி, இரண்டு விழாவையும் ஒன்றாகக் கட்டினார் என்கிறார்கள். தங்கையின் கல்யாணத்துக்கு அண்ணன் தாமதமாக வந்து, ஆற்றோடு திரும்பும் கதையெல்லாம் அந்தக் கட்டில் முடிந்த நார்! கதம்பம்தான். ஆனால் கவனியுங்கள்: இன்றைக்கும் வைகையில் வண்டியூர்ப் பக்கம் முனிவருக்கு விமோசனம் கொடுக்கும் மண்டபத்துக்குப் பெயர் தேனூர் மண்டபம். விழா இடம் மாறிவிட்டது. பெயரை யாரும் அழிக்கவில்லை. ஆற்றில் இறங்கும்போது அழகர் சூடும் மாலைகூட ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிக்கொடுத்தது என்று சொல்லித்தான் சூட்டுகிறார்கள்.

"சாமியே சொல்லிவிட்டு வாங்கிக்கொள்கிறது. உனக்கென்னடா?"

பையன் ஒன்றும் பேசவில்லை. திரும்பிப் போனான். மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பெரியவரின் பெயர், ஊர், தகப்பனார் பெயர் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டான். பெரியவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். தப்பாக எழுதியதை இரண்டாம் தடவை திருத்தவும் செய்தார். வெற்றிலை பாக்கோடு என்னால் முடிந்ததை நான் கொடுத்தேன். பையன் தன் பர்ஸைத் திறந்து அதைவிட அதிகம் கொடுத்தான்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது வரவேண்டிய இடம் என் கட்டுரையல்ல, அவன் தட்டு. வருகிறதா இல்லையா என்று பார்க்க நான் இருக்கிறேன், கருப்பனும் இருக்கிறார்.

அப்புறம் மலையேறி, பழமுதிர்சோலை முருகனைக் கும்பிட்டு, நூபுர கங்கையில் தலையை நனைத்துக்கொண்டோம். நீங்கள் போனால் கோவில் பிரசாதமான நெய் தோசையை மறக்காதீர்கள். அடை மாதிரிக் கனம், உளுந்தும் மிளகுமாக வாசனை. ஒன்றை வாங்கி இருவர் சாப்பிடலாம். நாங்கள் மூன்று வாங்கினோம். மூன்றாவது யாருக்கு என்று நான் கேட்பதற்குள், பையன் அதை இலையோடு எடுத்துக்கொண்டு மரத்தடிப் பக்கம் போய்விட்டான்.