ஹெடோ முனையில் சிறிது நேரம்

சின்ன வெள்ளைக் கார். எண் பலகையில் ஜப்பானிய 'வ' எழுத்து இருந்ததால் வாடகை வண்டி என்று தெரிந்தது. ஓட்டி வந்தவர் எஞ்சினை அணைத்த பிறகும் ஸ்டீயரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தார். அதற்குள் அவர் மனைவியாகத் தெரிந்த அம்மாள் இறங்கி, இடுப்பில் கையூன்றி முதுகை நிமிர்த்தி, தொப்பியை மறுகையால் அழுத்திக்கொண்டார். அவ்வளவு காற்று.

ஒக்கினாவாத் தீவின் வடகோடி இது. நஹா நகரிலிருந்து 58ஆம் நெடுஞ்சாலையில் மேற்குக் கரையோரமாகவே வரவேண்டும். வர வர ஊர்கள் மெலிந்து, ஒரு பக்கம் மலைக்காடு, மறுபக்கம் கடல் என்று ஆகிவிடும். அந்தக் காட்டில் பறக்க மாட்டாத கானாங்கோழி ஒன்று இருக்கிறது. 1981இல்தான் அறிவியல் உலகம் அதற்குப் பெயர் வைத்தது. அது சாலையைக் கடக்கும், மெதுவாகப் போங்கள் என்று படம் போட்ட பலகைகள் வழியில் நிற்கின்றன. அவர் தோளைப் பிசைந்துகொண்டே இறங்கியதைப் பார்த்தால், எல்லாப் பலகைக்கும் மரியாதை கொடுத்து ஓட்டி வந்தவராகத்தான் தோன்றியது.

இருவருக்கும் வயது அறுபதை ஒட்டி இருக்கும். நான் தாழம்புதர் ஓரமாக ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்து இலேசாகத் தலை குனிந்தார்கள், நானும் குனிந்தேன். எங்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

அம்மாள் பையிலிருந்து உணவுப் பொட்டலத்தை எடுத்தார். சோற்றுக்கு நடுவே முட்டையடையும், டப்பாவில் வரும் பன்றியிறைச்சித் துண்டும் வைத்து, கடற்பாசித் தாளால் மடித்தது. இந்தத் தீவில் எங்கும் கிடைக்கும். அந்த டப்பா இறைச்சி அமெரிக்கப் படையோடு வந்து ஊர்ச் சமையலறையில் தங்கிவிட்டது. படையும்தான் தங்கிவிட்டது. வெயிலில் வந்ததால் பாசித்தாள் நமுத்துப்போய் விரலில் ஒட்டியது. அவர் அதைப் பிய்க்காமல், நகத்தால் மெல்ல நெம்பி, சோறு சிந்தாமல் இரண்டாக்கினார். பெரிய பாதியில் முட்டை அதிகம். அதைக் கணவரிடம் நீட்டினார். அவர் வாங்கி, முட்டையை மட்டும் இழுத்து மனைவியின் பாதிமேல் வைத்துவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார். இருவரும் ஒன்றும் பேசவில்லை. பல வருஷத்து வழக்கமாக இருக்கவேண்டும்.

உறை காற்றில் பறந்தது. கணவர் விரட்டினார். இங்கே தரை பவழச் சுண்ணாம்புப் பாறை, கத்திமுனைகளாக நீட்டிக்கொண்டிருக்கும். செருப்புக் காலோடு இரண்டடி தாவி, மூன்றாவது அடியில் தயங்கி நின்றுவிட்டார். அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். உறை புதரில் சிக்கிக்கொண்டது. அவர் வெற்றி வீரரைப்போல அதை எடுத்து வந்து சட்டைப்பையில் திணித்தார். மல்லிகை மணக்கும் தேநீர் பாட்டிலை மாறி மாறிக் குடித்தார்கள்.

அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு கல் இருக்கிறது. வடக்கே சுமார் 22 கிலோமீட்டரில் இருக்கும் யோரோன் தீவு 1953 டிசம்பரில் ஜப்பானிடம் திரும்பியது. ஒக்கினாவா 1972 மே 15 வரை அமெரிக்கர் கையில் இருந்தது. நடுக்கடலில் 27ஆம் அட்சரேகை எல்லைக்கோடு ஆனது. ஜப்பானிலிருந்து ஒக்கினாவாவைப் பிரித்த ஒப்பந்தம் 1952இல் அமலுக்கு வந்தது ஏப்ரல் 28ஆம் தேதி. ஜப்பானோடு மீண்டும் சேரக் கேட்டுப் போராடியவர்கள் அந்த நாளில் இந்த முனையில் தீ மூட்டுவார்கள். பதிலுக்கு யோரோனிலும் மூட்டுவார்கள். இரு கரையிலிருந்தும் படகுகளில் போய்க் கோட்டருகே கூடியும் இருக்கிறார்கள். அந்தப் போராட்டத்துக்காக 1976இல் நட்ட கல் இது. மகிழ்ச்சியைச் சொல்லவோ வெற்றியைக் கொண்டாடவோ தன்னை நடவில்லை என்று கல்லே சொல்கிறது. படைமுகாம்கள் போகாதபோது வேறென்ன சொல்லும்?

தீவு திரும்பியபோது இந்தத் தம்பதி பள்ளிப் பிள்ளைகளாக இருந்திருப்பார்கள். கல்லை அவர்கள் படிக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் உறுத்தியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதற்காகத் தீ மூட்டினார்கள்? ஆவணம் காட்டாமல் வந்து, சோற்றைப் பங்கிட்டுத் தின்று, கிளம்பிப் போகத்தானே? அந்த வகையில் கல்லுக்குரிய மரியாதை நடந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

கிளம்பும் முன் அம்மாள் கையை நீட்டி எதையோ காட்டினார். இடப்புறம் கிழக்குச் சீனக் கடல், வலப்புறம் பசிபிக். இரண்டுக்கும் நடுவில், அடிவானத்தில் சப்பையாக ஒரு கோடு. யோரோன்தான். கணவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்த்தார். தெரிந்ததா என்று தெரியாது. தலையை மட்டும் ஆட்டினார்.

திரும்பும்போது ஓட்டுநர் இருக்கையில் அம்மாள் ஏறினார். இருக்கையை முன்னால் இழுத்துக் கண்ணாடிகளைத் திருத்தினார். கணவர் பெல்ட்டை மாட்டியதும் கண்ணை மூடிவிட்டார். கார் இடப்பக்கமாகவே போனது. 1978 ஜூலை 30 காலைவரை, அமெரிக்க வழக்கப்படி, இத்தீவில் எல்லா வண்டியும் வலப்பக்கம்தான் ஓடின.

நஹாவிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆகும். போகிறவர்கள் மூட்டமில்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். பாறைக்குச் செருப்பு சரிப்படாது, ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.