முதல்ல அளந்து பாத்தியா தம்பி?

பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் மீடியத்தில் படிச்சவன் எழுதுற முதல் தமிழ்க் கட்டுரை இது. ர, ற எங்கேயாவது மாறியிருந்தா எடிட்டரைத் திட்டுங்க. அவன்தான் மெஸ்ஸில் வெச்சு என்கிட்ட சத்தியம் வாங்கினான்.

சான் ஸ்டார்ம்னு ஒரு கார் கேள்விப்பட்டிருக்கீங்களா? நம்ம மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்லயே நிறைய பேருக்குத் தெரியல, அதனால சொல்லிடறேன். 1998-ல் வந்த, கோவாவில் தயாரான, ரெண்டே சீட் இருக்கிற ஸ்போர்ட்ஸ் கார். மேல்கூரை திறக்கும். பாடி முழுக்க ஃபைபர். உள்ளே 1149 சிசி ரெனோ இன்ஜின், 60 குதிரைத்திறன். இன்னைக்கு உங்க பக்கத்து வீட்டு அங்கிள் ஓட்டுற ஸ்விஃப்ட் இதை சுலபமா முந்திடும். இருந்தாலும் ரோட்டுல போனா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க.

என் மாமா, அதாவது அம்மாவோட அண்ணன், அதில் ஒண்ணை 2006-ல் செகண்ட் ஹேண்டா வாங்கினார். 2000 மாடல், சிவப்பு. சின்ன வயசுல சிங்காநல்லூர்ல இருந்து அவர் பக்கத்துல உக்காந்து போன ஞாயித்துக்கிழமைங்க எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. 2015-ல் மேட்டுப்பாளையம் ரோட்டுல வண்டி சூடாகி நின்னுச்சு. அதே வருஷம் ஆர்.சி.யோட 15 வருஷமும் முடிஞ்சது. "இன்ஜின் போச்சு"ன்னு யாரோ சொன்னாங்க, எல்லாரும் அதையே திருப்பிச் சொன்னாங்க. வண்டி ஷெட்டுக்குள்ள போனது போனதுதான். ரெண்டு வருஷம் முன்னாடி மாமாவுக்கு ஸ்ட்ரோக் வந்து இடது கை சரியா வேலை செய்யல. இந்தப் பொங்கலுக்குப் போனப்போ, "பழைய இரும்புக்காரன் 18,000 தர்றேங்கறான், குடுத்துரலாம்"னு அத்தை சொன்னாங்க. மாமா ஒண்ணும் பேசல. நான்தான், "ஜூன் வரைக்கும் டைம் குடுங்க"ன்னு வாயை விட்டுட்டேன். ஜூலையில் எனக்கு வேலையில் ஜாயினிங்.

அன்னைக்கு ராத்திரியே எக்ஸெல் ஷீட் போட்டேன். மாருதி எஸ்டீமோட 1298 சிசி இன்ஜின். எம்பிஎஃப்ஐ மாடல்ல 85 குதிரைத்திறன். ஸ்பேர் எங்கேயும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிட்டு வேலை பாப்பார். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்த்து 32,000. ஸ்வாப்பை நினைச்சா தூக்கமே வரல. ரீல்ஸுக்கு பேக்ரவுண்ட் மியூசிக் கூட தேர்ந்தெடுத்துட்டேன், உண்மையைச் சொல்லணும்ல.

நீங்களும் எப்பவாவது இன்ஜின் மாத்த பிளான் போட்டா இதைக் கவனிங்க. இன்ஜினோட விலை அந்த ஷீட்டில் ஒரு வரி மட்டும்தான். ரெனோவுக்கு இருந்த இடத்துல மாருதி உக்காராது, மவுண்ட் புதுசா வெல்டு பண்ணணும்: 6,000. டிரைவ் ஷாஃப்ட்டோட உள்முனை மாருதி கியர்பாக்ஸுக்குப் பொருந்தணும், வெளிமுனை ஸ்டார்ம் சக்கரத்துக்குப் பொருந்தணும், ரெண்டையும் லேத்துல ஒண்ணா ஆக்கணும்: 9,000. வயரிங்கும் இசியூவும் 8,000. சைலன்சர் பைப் 4,000. ரேடியேட்டர் ஹோஸ், சில்லறை 3,000. மொத்தம் 62,000. இன்டர்ன்ஷிப்ல சேத்து வெச்சது 55,000. மீதி 7,000-ஐ யார்கிட்ட கடன் கேக்கலாம்னு ரூம்மேட்டைப் பாத்தேன், அவன் அப்பவே போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டான்.

ஷீட்டை பிரிண்ட் எடுத்துட்டு, மாமாவோட பழைய மெக்கானிக் அண்ணாகிட்ட போனேன். அவர் அதை முழுசா படிச்சார். பிரிண்டோட பின்பக்கம் ஏதாவது இருக்கான்னும் திருப்பிப் பாத்தார்.

"25 குதிரை கூட வருது, சரி. பிரேக்கு?"

நான் பிரேக்குக்கு வரியே போடல.

"ஆர்.சி.ல இருக்கிற இன்ஜின் நம்பரு?"

அதுக்கும் இல்ல. இன்ஜின் மாத்தணும்னா ஆர்.டி.ஓ. அனுமதி வேணும். அதுவும் இது ஆர்.சி. முடிஞ்ச வண்டி, புதுப்பிக்கக் கொண்டு போனா இன்ஸ்பெக்டர் நம்பரை ஒப்பிட்டுப் பாப்பார். புதுப்பிக்கிற கட்டணமே 2022-ல் 600-ல இருந்து 5,000 ஆச்சு, 20 வயசு தாண்டின காருக்கு 2025-ல் 10,000 ஆக்கிட்டாங்க. அதுவும் என் ஷீட்டில் இல்ல.

கடைசியா அவர் கேட்டார்: "இன்ஜின் போச்சுன்னு யாரு சொன்னது? முதல்ல அளந்து பாத்தியா தம்பி?"

நாலு வருஷமா ஐசி இன்ஜின்ஸ், தெர்மோ, மெட்ராலஜின்னு எல்லாம் எழுதி பாஸ் பண்ணிட்டு அந்தக் கேள்விக்கு முன்னாடி பேந்தப் பேந்த முழிச்சேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை ஷெட்டுக்கே வந்தார். சாவியைப் போட்டு ஸ்டார்ட் பண்ணுவார்னு நினைச்சேன். சாவியையே தொடல. டேங்கில் இருந்த பழைய பெட்ரோலை இறக்கினார், வார்னிஷ் நாத்தம். நாலு பிளக்கையும் கழட்டி ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, ராத்திரி முழுக்க ஊற விட்டார். மறுநாள் கிராங்க் புல்லியில் ஸ்பேனர் மாட்டி கையால சுத்தச் சொன்னார். அழுத்திப் பாத்தேன். அசையல. இன்னொரு தடவை அழுத்தினேன். முனகிட்டே சுத்திச்சு! அப்புறமும் ஸ்டார்ட் இல்ல. "பத்து வருஷமா மடிஞ்சு கிடந்த டைமிங் பெல்ட்டை நம்பி கிராங்க் பண்றது, அறுந்த கயித்துல கிணத்துக்குள்ள இறங்குற மாதிரி"ன்னு சொல்லி, பெல்ட்டை மாத்தினப்புறம்தான் பேட்டரியே வெச்சார்.

பிளக் எல்லாம் வெளியே, இக்னிஷன் கட், ஆக்ஸிலேட்டர் முழுசா மிதிச்சபடி நான். அவர் கம்ப்ரஷன் கேஜை ஒவ்வொரு ஓட்டையிலும் வெச்சுப் படிச்சார். முதல் சிலிண்டர் 155 பிஎஸ்ஐ. ரெண்டாவது 60. மூணாவது 55. நாலாவது 150.

இங்க கொஞ்சம் நின்னு யோசிங்க, பரீட்சைக்குக் கூட வரலாம். நாலும் 60 காட்டினா இன்ஜின் தேஞ்சு போச்சுன்னு சொல்லலாம். ஒண்ணு மட்டும் குறைஞ்சா வால்வா, ரிங்கான்னு தேடலாம். பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு மட்டும் சேர்ந்து குறைஞ்சா? அவர் ரெண்டுலயும் மூணுலயும் இன்னும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்தார். ரிங் தேய்மானமா இருந்தா ஆயில் இடைவெளியை அடைச்சு அளவு ஏறணும். ஏறல. ரெண்டு சிலிண்டருக்கும் நடுவுல ஹெட் கேஸ்கெட் எரிஞ்சு, ஒண்ணோட காத்து இன்னொண்ணுக்குப் போயிட்டிருந்தது. ஹெட்டைக் கழட்டினப்போ அதே இடத்துல விரல் நகம் அளவுக்குக் கருப்பா அரிச்சிருந்தது.

பத்து வருஷம் ஷெட்டுல கிடந்ததுக்குக் காரணம் அது.

எனக்கு சந்தோஷம் வரணும்ல? வரல. எஸ்டீம் இன்ஜின் கைநழுவிப் போச்சேங்கற ஏமாத்தம்தான் முதல்ல வந்துச்சு. "கேஸ்கெட்டை மாத்தறதோட, அப்படியே அந்த இன்ஜினையும்..."னு மாமாகிட்ட ஆரம்பிச்சேன். அவர் மெதுவா, வார்த்தையைத் தேடித் தேடி சொன்னார்: "மாப்ளை, ஆர்.சி. என் பேர்ல இருக்கு. நீ எதை மாத்தினாலும் கையெழுத்து நான் போடணும். இந்தக் கைல." வலது கையைத் தூக்கிக் காட்டினார். சிரிச்சார்னு நினைக்கிறேன், இப்பல்லாம் அவர் சிரிப்பு ஒரு பக்கம்தான் தெரியும்.

சான் ஸ்டார்ம்னு தேடினா ஸ்பேர் ஒண்ணும் வராது. ஆனா இதே டி7எஃப் இன்ஜின்தான் ஐரோப்பாவில் ரெனோ ட்விங்கோவிலும் க்ளியோவிலும் ஓடுச்சு. ட்விங்கோன்னு தேடினேன், கேஸ்கெட் செட் வரிசையா வந்துச்சு. ஹெட் போல்ட்டும் சேர்த்து ஆர்டர் போட்டாச்சு. ஹெட் மேல ஸ்கேலை வெச்சு ஃபீலர் கேஜை நுழைச்சுப் பாத்தோம், நடுவுல 0.15 மி.மீ. வளைஞ்சிருந்தது. பீளமேட்டுல ஒரு லேத்து பட்டறையில் ஃபேஸ் அடிக்கக் குடுத்திருக்கோம். புது ஷீட்டோட மொத்தம் 31,000, பிரேக் வேலையும் ஆர்.டி.ஓ. கட்டணமும் சேர்த்து.

பார்சல் டிராக்கிங்ல ஒன்பது நாளா டெல்லின்னே காட்டுது. மாமா தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு போன் பண்ணி, "எங்க வந்திருக்கு?"ன்னு மட்டும் கேட்டுட்டு வெச்சிடறார்.