வெண்துகள்கள்

வலது கண்ணில் புரை எடுத்தார்கள். கண்ணைச் சுற்றி மட்டும் மரத்துப்போக ஊசி, காது விழித்திருந்தது. பாதியில் மருத்துவரின் பேச்சு நின்றது. பிறகு, "ட்ரையாம்சினலோன் எடுங்க சிஸ்டர்" என்றார். குரலில் பதற்றமில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் கட்டைப் பிரித்தபின் விளக்கினார். லென்ஸைப் பொதிந்திருக்கும் பையின் பின்சுவர் கிழிந்துவிட்டது, சிலருக்கு நேர்வதுதான். கிழிசல் வழியே விட்ரியஸ் முன்னால் வந்துவிட்டது. கண்ணின் கொள்ளளவில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இந்தக் கூழ். அதில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். ஒளி தடையின்றிப் போக வேண்டியிருப்பதால் முழுத் தெளிவு. மைக்ராஸ்கோப்பிலும் எளிதில் பிடிபடாது. ஆனால் ஓர் இழை காயத்தின் வாயில் சிக்கிக்கொண்டால் விழித்திரையை இழுத்துக்கொண்டே இருக்கும், கிழித்தும் விடலாம்.

அதற்குத்தான் இந்த ஸ்டீராய்டு. மூட்டு வீக்கத்துக்கு ஊசியாகப் போடும் அதே மருந்து. தண்ணீரில் கரையாத வெள்ளைத் துகள்கள் கூழில் ஒட்டிக்கொள்ளும். இருக்குமிடம் தெரிந்தபின் வெட்டி உறிஞ்சலாம். விட்ரியஸ் அறுவையில் இதைப் பயன்படுத்தலாமென்று 2000-ல் பேமனும் சகாக்களும் எழுதினார்கள். 2003-ல் பர்க்கும் சகாக்களும் கண்ணின் முன்னறையில் இதைச் செய்துகாட்டினார்கள். மருந்தில் சேர்ந்திருந்த பதப்பொருளை நீக்க, துகள்களை நுண்வடிகட்டியில் பிடித்துக் கழுவிய பிறகே செலுத்தினார்கள். 2007-ல் பதப்பொருள் சேராத தயாரிப்பொன்றுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அறுவையில் விட்ரியஸைக் காட்டுவதும் அதன் உபயோகங்களில் ஒன்றாகக் குறிக்கப்பட்டது. வீக்கம் தணிக்கும் குணம் இந்த வேலைக்கு இரண்டாம் பட்சம். கரையாமைதான் காரியம் செய்கிறது.

"துகள் உள்ளேயே தங்கிவிட்டால்?" என்று கேட்டேன்.

"முடிஞ்சவரை கழுவி எடுத்துடணும் சார். தங்கினா சிலருக்குக் கண்ணில் அழுத்தம் ஏறும். நரம்பையே கெடுக்கும்."

சில நாட்கள் படிக்காமல் கிடந்தேன். அப்போது ஒரு பழைய மதிப்புரை ஞாபகத்துக்கு வந்தது. நண்பர் ஒருவரின் முதல் கவிதைத் தொகுதி பற்றி, இதுபோன்ற ஒரு பத்திரிகையில், நான் எழுதியது. அலங்காரமற்ற கவிதைகள். என்ன இருக்கிறதென்று எனக்குப் பிடிபடவில்லை. படிமம், அந்நியமாதல், இருத்தல் என்று கையிலிருந்த பதங்களைத் தூவினேன். சில இடங்களில் ஒட்டின. ஒட்டிய இடங்களில் ஏதோ இருந்தது உண்மை. ஒட்டாத இடமெல்லாம் காலி என்று எழுதினேன்.

நண்பர் அதற்குப் பிறகு கவிதை எழுதவில்லை. நான்தான் காரணமென்பது அகம்பாவம். எனக்குச் சம்பந்தமில்லை என்பதும் பொய்.

மருத்துவருக்கும் எனக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இடம் தவறி வந்த கூழை வெட்டுவதற்காக அவர் துகளைத் தூவினார். தன் இடத்தில் இருந்ததை அப்படியே விட்டார். வேலை முடிந்ததும் கழுவினார். நான் எது இடம் தவறியது, எது இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது என்று பார்க்கவேயில்லை. கழுவவுமில்லை. அடுத்த கட்டுரையிலும் அதே பதங்கள். ஒரு கட்டத்தில் அவை தெரிவதையே கவிதை தெரிவதாக எண்ணிக்கொண்டேன். விமர்சனத்துக்குப் பதங்கள் வேண்டாமென்று இப்போதும் சொல்லமாட்டேன். அவையில்லாமல் கையை வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு கத்தரிப்பதாகிவிடும்.

புதுக் கண்ணாடி வந்ததும் அந்தத் தொகுதியைத் தேடி எடுத்தேன். ஓரமெல்லாம் என் பென்சில் குறிப்புகள். நாலு பக்கம் அழித்துப் பார்த்தேன்; தாள் மக்கியிருந்ததால் நிறுத்திவிட்டேன். குறிப்புகளைத் தாண்டியே படித்தேன். இரண்டு கவிதைகள் பிடித்திருந்தன. ஏனென்று சொல்லத் தெரியவில்லை.

நண்பர் அதே ஊரில்தான் இருக்கிறார். அந்த இரண்டின் தலைப்பை மட்டும் எழுதி ஒரு கார்டு போட்டிருக்கிறேன்.