தன் குற்றப் பதிவைத் தானே கேட்டுப் பெறுதல்

அமெரிக்காவில் எவரும் தம்மைப் பற்றி எஃப்.பி.ஐ. (கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பு) வைத்திருக்கும் குற்றப் பதிவின் நகலைக் கேட்டுப் பெறலாம். 1973-ஆம் ஆண்டின் நீதித்துறை ஆணை 556-73 இதற்கு வழிசெய்தது. கட்டணம் 18 டாலர். கட்ட இயலாதவர் விலக்குக் கோரலாம். பெயர் மட்டும் போதாது, விரல் ரேகைகளும் வேண்டும். ஒரே பெயரில் பலர் இருப்பதால் இது நியாயமான ஏற்பாடே. பதிவு எதுவும் இல்லையென்றால் அதையும் எழுத்தில் தெரிவிக்கிறார்கள். வெளிநாட்டு விசாவுக்குப் பலர் கேட்பது இந்தக் கடிதத்தைத்தான்.

நகலைக் கையில் வாங்கியதும் வரிவரியாகப் படிக்க வேண்டும். கைது பதிவாகியிருக்கும், வழக்கு பின்னர் தள்ளுபடியான செய்தியோ பல நேரங்களில் ஏறியிருக்காது. உள்ளூர்க் காவல்துறையும் நீதிமன்றமும் முடிவை மேலே அனுப்பாமல் விடுவதே காரணம். குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்ட ஒருவர், அந்த அரைகுறை வரியால் வேலையை இழப்பது பெரிய அநீதி. பிழையை மறுத்து விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. நீதிமன்றத் தீர்ப்பின் நகலை இணைத்தால் வேலை விரைவாகும். மாநில அளவிலான கைது என்றால், திருத்தம் பெரும்பாலும் அந்த மாநிலத்தின் பதிவு அலுவலகம் வழியாகவே நடக்கும்.